மூன்று வருடப் பதிவுகள்

2022 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில், சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்த கறுப்பின மக்கள் 10 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். திட்டத்தை மாதக்கணக்கில் இணையத்தில் எழுதி வைத்திருந்தான்.

சில வாரங்களில் அங்கே புதுச் சட்டம் வந்தது. கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கேட்பவர், கடந்த மூன்று வருடச் சமூக வலைதளக் கணக்குகளைக் காட்ட வேண்டும் என்றது அது.

கீழ் நீதிமன்றம் இந்தச் சமூக வலைதள விதிக்குப் போட்டிருந்த தடையை, 2023 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தொடரவிட்டது. கணக்குகளைக் காட்டினால் புனைபெயர் வெளிப்பட்டுவிடும்; புனைபெயரில் பேசும் உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் துப்பாக்கி உரிமமா என்பது நீதிபதிகளின் கேள்வி.

சரி, நியாயமான கேள்விதான். யாரோ ஒரு போலீஸ்காரர் என் பழைய கோபங்களைப் படித்துத் தீர்ப்பு சொல்வது எனக்கும் பயம். ஆனாலும் அந்த 10 குடும்பங்களை நினைத்தால், பகிரங்கமாக எழுதியதையாவது பார்க்கலாம் என்றே மனம் சொல்கிறது.