பரம்படித்த வயலும் வெள்ளிக் கோளும்

2011இல் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் கேட்ட கேள்விக்குத் தவறான பதில் சொன்னேன். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர். அன்று கடையில் வாங்கிய கோள்கள் சார்ட்டைப் பலகையில் மாட்டிவிட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதில் வெள்ளிக் கோள் ஆரஞ்சு நிறத்தில், மலையும் வெடிப்புமாகத் தெளிவாக இருந்தது. கடைசி பெஞ்சில் இருந்தவன் எழுந்தான். "டீச்சர், வெள்ளிய எப்பவும் மேகம் மூடியிருக்கும்னு இப்பத்தான சொன்னீங்க. அப்ப இந்த போட்டோவ எப்படி எடுத்தாங்க?"

"ரொம்ப சக்தி வாய்ந்த கேமராவுல எடுத்தது" என்றேன். உட்கார்ந்துவிட்டான். ஆனால் அவன் முகம் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த கோடை விடுமுறையில்தான் உண்மை தெரிந்தது. அந்தப் படத்தில் கேமராவே இல்லை. மெகெல்லன் விண்கலம் 1990 முதல் 1994 வரை வெள்ளியைச் சுற்றியபடி ரேடார் அலைகளைக் கீழே அனுப்பி, திரும்பி வந்த எதிரொலியை வைத்துக் கோளின் 98 விழுக்காட்டுப் பரப்பை வரைபடமாக்கியது. மேகம் ஒளியைத்தான் மறிக்கும். அந்த ரேடார் அலைக்கு மேகம் ஒரு தடையே இல்லை. ஆரஞ்சு நிறம் பிறகு கணினியில் சேர்த்தது. அதுவும் மனம்போன போக்கில் சேர்த்ததல்ல; 1982இல் வெள்ளியின் தரையில் இறங்கிய சோவியத் கலங்களான வெனெரா 13, 14 அனுப்பிய வண்ணப் படங்களைப் பார்த்து ஒப்பிட்டுச் சேர்த்தது. சுமார் 460 டிகிரி வெப்பம், பூமியைப் போல் தொண்ணூறு மடங்கு காற்றழுத்தம். அதற்குள் வெனெரா 13 இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தது. இத்தனை பாடு பட்டுக் கிடைத்த படத்தை நான் ஒரே வரியில் 'கேமரா' என்று முடித்திருந்தேன்.

பள்ளி திறந்ததும் முதல் வாரமே அந்த வகுப்புக்குப் போனேன். பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தான். போன வருடம் நான் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அது போட்டோ இல்லையா டீச்சர்?"

இல்லை. அது எதிரொலி. அதை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தபோது ஜன்னலுக்கு வெளியே வயல்தான் தெரிந்தது. உழுது போட்ட வயல் கட்டியும் முட்டியுமாக இருக்கும். அதில் படும் அலை நாலா பக்கமும் சிதறும், கொஞ்சம் விண்கலத்துக்கும் திரும்பி வரும். அந்த இடம் படத்தில் வெளுப்பாக விழும். பரம்படித்து, அதாவது பலகையால் மண்ணைச் சமன்படுத்தி, தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி மாதிரி. சாய்வாக வந்த அலையை அப்படியே எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கலத்துக்கு ஒன்றும் திரும்பாது, அந்த இடம் கருப்பு. நம் பூமியைச் சுற்றும் ரேடார் செயற்கைக்கோள் படங்களிலும் நடவு வயல் முதலில் கருப்பாகத் தெரிந்து, பயிர் வளர வளர வெளுத்துக்கொண்டே வரும். ஆக, வெள்ளியின் படத்தில் பளிச்சென்று இருப்பது வெளிச்சம் பட்ட இடம் என்று நினைக்கக் கூடாது, பெரும்பாலும் கரடுமுரடான இடம். இதைச் சொன்னதும் வகுப்பே புரிந்துகொண்டது. இப்போதெல்லாம் மழைக்காலத்தில் காரைக்கால் வானிலை ரேடார் படத்தை செல்போனில் பார்க்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. ரேடார் என்ற சொல் இன்றைய பிள்ளைகளுக்குப் புதிதல்ல.

அதற்குப் பிறகு கோள்கள் பாடத்தை நடத்தும் விதமே மாறிவிட்டது. எத்தனை துணைக்கோள், எவ்வளவு விட்டம் என்பதெல்லாம் தேர்வுக்கு வேண்டும், சரி. ஆனால் ஒவ்வொரு படத்தைக் காட்டும்போதும் 'இது எப்படிக் கிடைத்தது?' என்பதுதான் முதல் கேள்வி. 1965இல் மாரினர் 4 செவ்வாயைக் கடந்து போனபோது படம் படமாக வரவில்லை, எண்களாக வந்தது. ஒரு படத்துக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேல். கணினி அதைப் படமாக்கித் தருவதற்குள் பொறுமையிழந்த பொறியாளர்கள் எண்கள் அச்சான தாள்களைச் சுவரில் ஒட்டி, எண்ணுக்கு ஒரு நிறம் என்று கையாலேயே தீட்டினார்கள். நாங்களும் கிராப் தாளில் 20க்கு 20 கட்டம் போட்டு, ஒருவர் எண் சொல்ல ஒருவர் பென்சிலால் தீட்டிப் பார்த்தோம். பீரியட் முடியும் நேரத்தில் ஒரு தண்ணீர்க் குடம் உருவாகி வந்தது.

ஆனால் நான் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டது 2022இல்.

செவ்வாயில் ஜெஸெரோ என்று சுமார் 45 கிலோமீட்டர் அகலமான ஒரு பள்ளம். 2021 பிப்ரவரி 18இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி அதற்குள்தான் இறங்கியது. சுற்றுகலம் மேலிருந்து எடுத்த அந்த இடத்தின் கருப்பு வெள்ளைப் படத்தை, பெயர் எதுவும் போடாமல் தாளில் அச்செடுத்துக் கொடுத்து, "என்ன இது?" என்று மட்டும் கேட்டேன்.

"கடைமடை டீச்சர்" என்றான் ஒருவன், உடனே.

பக்கத்தில் இருந்த பெண் விரலால் தடம் பிடித்தாள். "இந்த வாய்க்கா வழியா வந்துருக்கு. இங்க வந்ததும் வேகம் கொறஞ்சு விரிஞ்சுருக்கு. கீழ தண்ணி நின்னுருக்கணும். நின்னாத்தான் வண்டல் இப்படி விழும்."

இது செவ்வாய் என்றதும் வகுப்பில் சத்தமே இல்லை. மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, நாள் எண்ணிக் காத்திருந்து, சருகும் நுரையுமாக வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும்போது கூடவே ஓடுகிற பிள்ளைகள் இவர்கள். நான் மூன்று பக்கம் படித்துப் புரிந்துகொண்டதை அவள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

இருந்தாலும் அவள் சொன்னதில் ஒரு பகுதி அந்தப் படத்தால் மட்டும் உறுதியாகாது. விசிறி போல விரிந்த மண்மேடு வறண்ட தரையிலும் உருவாகும், ஏரிக்குள்ளும் உருவாகும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் எப்படித் தெரிந்துகொள்வது? செய்து பார்ப்போம் என்று சத்துணவுக் கூடத்திலிருந்து ஓர் அகலமான தாம்பாளமும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் வாங்கி வந்தோம். மணலோடு ஒரு தடவை செம்மண், ஒரு தடவை கோலமாவு என்று மாற்றி மாற்றிக் கலந்து தண்ணீரோடு மெல்ல ஊற்றினோம். தாம்பாளம் வறண்டது, தொட்டியில் பாதித் தண்ணீர். தொட்டியில் மணல் விளிம்பு வரை நகர்ந்து போய் அங்கிருந்து சரிந்து சரிந்து விழுந்தது. பிறகு தண்ணீரை இறைத்துவிட்டு, ஈரமணலை ஸ்கேலால் நேராக வெட்டினோம். வெட்டு முகத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் நன்றாகச் சாய்ந்து நின்றன. தாம்பாளத்தில் அவை ஏறக்குறையப் படுத்துக் கிடந்தன.

பெர்சிவரன்ஸ் பார்த்ததும் இதைத்தான். இறங்கிய இடத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, கோடியாக் என்று பெயரிட்ட ஒரு குன்றைக் கேமராவால் உற்றுப் பார்த்தது. காற்று அரித்து அரித்து அதை நாங்கள் ஸ்கேலால் வெட்டிய மாதிரி நிறுத்தி வைத்திருந்தது. அதில் சாய்ந்த அடுக்குகள். 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அங்கே ஏரி நின்றிருக்கிறது. மேல் அடுக்குகளில் ஒரு மீட்டருக்கும் பெரிய பாறாங்கற்களும் கிடந்தன. மெதுவான ஓட்டம் அவற்றை உருட்டாது, வெள்ளம் வந்திருக்கிறது. கொள்ளிடத்தில் வெள்ளம் போவதைப் பார்த்தவர்களிடம் இதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆண்டு சனியின் துணைக்கோள் டைட்டன். 2005 ஜனவரி 14இல் ஹைகன்ஸ் கலம் பாராசூட்டில் இரண்டரை மணி நேரம் இறங்கியபோது எடுத்த படங்களில் கிளை கிளையாக ஆற்றுத் தடங்கள். தரையில் மழமழவென்று உருண்ட கற்கள். −179 டிகிரி குளிரில் அங்கே கல் என்பது பனிக்கட்டி. ஆற்றில் ஓடியது திரவ மீத்தேன். மூடுபனிக்குக் கீழே இருந்த ஏரிகளை காசினி கலம் ரேடாரில்தான் கண்டுபிடித்தது. கருப்பாக, வழவழப்பாக. "பரம்படிச்ச வயல்" என்று நான் சொல்வதற்கு முன்னாலேயே ஒருத்தி சொன்னாள்.

மீத்தேன் என்ற சொல்லை எங்கள் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீட்டுச் சுவரிலும், மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்த போராட்டத் தட்டியிலும் அதைப் படித்துத்தான் எழுத்துக் கூட்டவே கற்றார்கள். அதனால் வகுப்பு கூர்ந்து கேட்டது. சூரிய ஒளி அந்த மீத்தேனைச் சிறுகச் சிறுகச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது என்று சொன்னேன். முதல் வரிசையில் ஒரு பையன் கை தூக்கினான். "அப்படின்னா இத்தனை கோடி வருஷத்துல தீந்துருக்கணுமே டீச்சர்? எங்கேருந்து வருது?"

ஆராய்ச்சியாளர்களிடமும் இதற்கு இன்னும் முடிவான விடை இல்லை என்று அவனிடம் சொன்னேன். கேள்வியைப் பலகையின் இடது மூலையில் அவனையே எழுதச் சொல்லி, சுற்றிலும் கட்டம் போட்டு, 'அழிக்க வேண்டாம்' என்று கீழே எழுதிவிட்டு வந்தேன். அடுத்த பீரியட் கணக்கு சார் மீதிப் பலகையை மட்டும் துடைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.