ஒரே ஜெனரேட்டர், இரண்டு தேய்மானம்

காரைக்குடியில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு, பழைய வீட்டை வாங்கி ஹோட்டலாக நடத்தும் கம்பெனியின் கணக்கு என்றால் தனிப் பிரியம். அதிலும் தேய்மானப் பட்டியல்: பொருளின் விலையை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக எழுதும் கணக்கு.

அப்படி ஒரு கம்பெனியின் டைரக்டரான ஆச்சி கேட்டார்: "ஏன் தம்பி, ஜெனரேட்டர் ஒண்ணுதானே? பேலன்ஸ் ஷீட்ல 26 ஆயிரம் தேய்மானம், வரிக் கணக்குல 75 ஆயிரமா?"

நியாயமான கேள்வி. ஜெனரேட்டர் விலை 10 லட்சம்; நவம்பர் 1 முதல் ஓடுகிறது. கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி அதன் ஆயுள் 15 வருடம். கடைசியில் மிஞ்சும் மதிப்புக்கு 5 சதவீதம் விட்டு, மீதி 9.5 லட்சத்தை 15 வருடத்துக்குச் சமமாகப் பிரித்து, மார்ச் வரையிலான ஐந்து மாதத்துக்கு மட்டும் எழுதினோம். வருமான வரிக்கு ஆயுள் கணக்கே கிடையாது. இயந்திரம் என்றால், முந்தைய தேய்மானம் போக மிஞ்சிய மதிப்பில் வருடத்துக்கு 15 சதவீதம். அந்த வருடம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் அதில் பாதி. அவ்வளவுதான்.

"அப்ப வரி மிச்சம்தானே?" என்றார். இப்போதைக்கு மிச்சம். முழு 15 சதவீதம் கிடைக்கும் அடுத்த வருடத்துக்குப் பிறகு, வரித் தேய்மானம் வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். பின்னாளில் வரி கூடும். அதற்காகத்தான் டெஃபர்டு டாக்ஸ், அதாவது தள்ளிப்போன வரி என்று ஒரு தொகையைக் கடன் பக்கம் நிறுத்துகிறோம். ஆச்சிக்குச் சட்டென்று பிடிபட்டது: "சரி, அதை லாபம்னு பங்கு பிரிச்சிடக் கூடாது."

பழைய ஏசியை விற்றாலும் இதே கதை. புத்தகத்தில் 30 ஆயிரம் மதிப்புள்ளதை 40 ஆயிரத்துக்கு விற்றால் 10 ஆயிரம் லாபம். வரியில் அந்த 40 ஆயிரத்தை மொத்த பிளாக்கிலிருந்து, அதாவது ஒரே தேய்மான சதவீதமுள்ள இயந்திரங்களை ஒன்றாகச் சேர்த்த மதிப்பிலிருந்து கழிப்பார்கள். பிளாக்கில் மதிப்பும் வேறு இயந்திரங்களும் மிச்சமிருக்கும்வரை அந்த ஏசிக்கென்று தனி லாபம் வராது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது கட்டடம்தான். நிலத்துக்கு இரண்டு பக்கமும் தேய்மானம் இல்லை. அதன் விலையை முதலில் பிரித்தாக வேண்டும். ஹோட்டல் கட்டடத்துக்கு வரியில் 10 சதவீதம். அட்டவணையோ கான்கிரீட் சட்டகம் இல்லாத கட்டடத்துக்கு 30 வருடம் என்கிறது. பர்மா தேக்குத் தூணும் சுண்ணாம்புச் சுவருமாக நூறு வருடத்தைத் தொடும் வீடு அது! தொழில்நுட்ப ஆதாரம் இருந்தால், காரணத்தைக் குறிப்பில் எழுதி வேறு ஆயுள் வைக்கலாம். அதனால் எஞ்சினியரை வரவழைத்துச் சுவர், உத்தரம், ஓடு எல்லாம் பார்க்கச் சொன்னோம். ஆயுளை வருடந்தோறும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதால், இப்போது அந்தக் கணக்கைத் தொடங்கும் முன் நான் முதலில் கேட்பது எஞ்சினியர் என்ன சொன்னார் என்பதைத்தான்.