படம் வரையும் ஏஐ-க்கு எழுதும்போது, கண்ணுக்குத் தெரிவதை எழுதுங்கள்

"மனதைத் தொடும், அழகான, உணர்ச்சி ததும்பும் ஒரு முதியவர்" என்று கேட்டால் ஏதோ ஒரு முதியவர் வந்துவிடுவார். முகம் நிறையச் சுருக்கம், பின்னால் மங்கலான பொன்னிற வெளிச்சம். யார் கேட்டாலும் ஏறக்குறைய இதே படம்தான் வரும். அந்த வரியில் வரையக்கூடியது 'முதியவர்' மட்டுமே. மற்றவையெல்லாம் படத்தைப் பார்ப்பவர் மனதில் நடக்க வேண்டியவை.

இது மாடல்கள், அதாவது படம் வரையும் ஏஐ மென்பொருள்கள், பழகிய விதத்தால் வருவது. 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற மாடல், லயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அந்தத் தொகுப்பில் சுமார் 585 கோடிப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் இணையப் பக்கங்களிலிருந்து எடுத்த ஒரு வாசகம். எந்தச் சொற்களோடு எப்படிப்பட்ட படம் சேர்ந்து வருகிறது என்பதைத்தான் மாடல் கற்றது. அதனால், ஏற்கெனவே எடுத்து முடித்த படத்துக்குக் கீழே குறிப்பு எழுதுவதைப் போல ப்ராம்ப்ட் (மாடலுக்குத் தரும் விவரிப்பு) எழுதினால் அதற்கு நன்றாகப் புரிகிறது.

மேலே சொன்ன முதியவரையே எடுத்துக்கொள்வோம். "எழுபது வயது மதிக்கத்தக்க மெலிந்த முதியவர், குட்டையான வெள்ளைத் தாடி, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, சாம்பல் நிற ஸ்வெட்டர். மர மேசை மேல் குனிந்து, பிரித்துப்போட்ட கைக்கடிகாரத்தைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் சரிசெய்கிறார். இடப்பக்க ஜன்னலிலிருந்து மட்டும் வெளிச்சம். முகத்தின் மறுபாதி நிழலில். மேசை மட்டத்திலிருந்து பார்க்கும் கோணம், இடுப்புக்கு மேல் தெரிகிறது. பின்னணி இருட்டு. புகைப்படம்." யார், என்ன செய்கிறார், எங்கே, வெளிச்சம் எப்படி, எங்கிருந்து பார்க்கிறோம், எந்த ஊடகம் என்று எல்லாம் இதில் வந்துவிட்டன. 'சோகமாக' இருக்க வேண்டுமா? தோள் தொய்ந்திருக்கிறது, கண் தரையைப் பார்க்கிறது, கை மடியில் கிடக்கிறது என்று எழுதுங்கள்.

இவற்றில் வெளிச்சத்துக்குத்தான் அதிகச் சொற்களைச் செலவிடச் சொல்வேன். சொல்லாமல் விட்டால் மாடல் விளம்பரப் படங்களின் பளபளப்பான வெளிச்சத்துக்குப் போய்விடும். "ஏஐ படம் மாதிரி இருக்கிறது" என்று பார்த்தவுடன் தோன்ற அதுவும் ஒரு முக்கியக் காரணம். எந்தத் திசையிலிருந்து வருகிறது, நிழல் ஓரம் கூர்மையா மிருதுவா, நிறம் என்ன என்று மூன்றையும் சொல்லுங்கள். "மேகமூட்டமான பகல், நிழலே விழாத சீரான வெளிச்சம்" என்று ஒரு வரி சேர்த்தாலே படம் நிஜத்தை நெருங்கும். "உச்சிவெயில், தலைக்கு மேலிருந்து, கண்குழியில் கறுத்த நிழல்" என்றால் அதே முகம் வேறு ஆளாகிவிடும்.

லென்ஸ் அளவு ஓரளவு வேலை செய்யும். 24 மி.மீ. என்றால் அகன்ற காட்சி, 85 மி.மீ. என்றால் பின்னணி மங்கிய முகப்படம் என்ற தொடர்பு பயிற்சிப் படங்களின் குறிப்புகளிலேயே இருக்கிறது. அதற்காக லென்ஸ் துளையின் அளவான அபெர்ச்சரை 1.8-இலிருந்து 2-க்கு மாற்றி வித்தியாசம் தேட வேண்டாம். ஓவியம் வேண்டுமானால் அதன் தடயங்களைச் சொல்லுங்கள்: வாட்டர்கலர், காகிதத்தின் சொரசொரப்பு, ஓரத்தில் நீர் பரவிய கறை. உயிரோடிருக்கும் ஓவியர்களின் பெயரைப் போட்டு அவர்கள் பாணியை உருவுவதை நான் ஏற்பதில்லை. தூரிகை, நிறம், கோடு ஆகியவற்றை விவரித்தாலே உங்களுக்கென்று ஒரு பாணி கிடைக்கும்.

'இல்லை' என்ற சொல்லை ப்ராம்ப்ட்டுக்குள் எழுதாதீர்கள். "யானை இல்லாத அறை" என்றால் பல மாடல்கள் யானையை வரைந்துவிடும். யானை என்ற சொல்லின் வலு அப்படி, மறுப்புக்கு அவ்வளவு வலு கிடையாது. "ஆட்கள் இல்லாத தெரு" என்பதை "வெறிச்சோடிய தெரு, மூடிய கதவுகள்" என்று மாற்றுங்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வேண்டாதவற்றை எழுத நெகடிவ் ப்ராம்ப்ட் என்ற தனிப் பெட்டி உண்டு. அதில் 'யானை' என்று மட்டும் எழுத வேண்டும். 'யானை வேண்டாம்' என்று எழுதக் கூடாது. படம் உருவாகும் ஒவ்வொரு படியிலும் அந்தச் சொல்லை விட்டு விலகும்படி கணக்குப் போடப்படுகிறது.

அடுத்த தொல்லை, நிறம் கசிவது. சிவப்புத் தொப்பி, நீலச் சட்டை, பச்சைப் பை என்று கேட்டால் பை சிவப்பாகவும் தொப்பி நீலமாகவும் வரலாம். எந்த நிறம் எந்தப் பொருளுக்கு என்ற பிடிப்பு பழைய மாடல்களில் தளர்வானது. நிறத்தைப் பொருளுக்கு ஒட்டியே எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வாக்கியம் கொடுங்கள். இரண்டு ஆட்கள் இருந்தால் ஒருவரை முழுதாக விவரித்து முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போங்கள்.

எவ்வளவு நீளம் எழுதலாம் என்பது மாடலைப் பொறுத்தது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 பயன்படுத்தும் கிளிப் என்ற பகுதிதான் நம் சொற்களைப் படிக்கிறது. அது ஒரு தடவைக்கு 77 டோக்கன்களைத்தான், அதாவது சொற்களையோ சொல்துண்டுகளையோதான், வாங்கும். தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் போக நமக்கு 75. அதற்கு மேல் எழுதியதைச் சில மென்பொருள்கள் வெட்டிவிடும், சில அடுத்த துண்டாகப் பிரித்து அனுப்பும். அதனால் முக்கியமானது முதலில் வர வேண்டும். கிளிப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியது. தமிழில் எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் பல டோக்கன்களாகச் சிதறும், பொருளும் போய்ச் சேராது. அங்கே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். 2024-இல் வந்த ஃப்ளக்ஸ் போன்றவை கிளிப்போடு டி5 என்ற பெரிய மொழி மாடலையும் வைத்திருப்பதால் நீண்ட வாக்கியங்களைத் தாங்கும். 2023-இன் டால்-ஈ 3, படங்களுக்கு நீண்ட விவரிப்புகளை இயந்திரத்தால் எழுதவைத்து அவற்றில் பழக்கப்பட்டது. சாட்ஜிபிடி டால்-ஈ 3-ஐப் பயன்படுத்திய காலத்தில், நாம் எழுதியதை மாற்றி எழுதித்தான் அதற்கு அனுப்பியது. இவற்றுக்கெல்லாம் காற்புள்ளியால் அடுக்கிய சொற்களைவிடத் தெளிவான வாக்கியங்களே பொருத்தம். '8கே', 'மாஸ்டர்பீஸ்' என்று வால் சேர்ப்பது 2022-இன் பழக்கம், அதை விட்டுவிடலாம்.

எழுதியது சரியா என்று சோதிக்க சீட் எண் வேண்டும். படம் எந்தத் தற்செயல் புள்ளிக்கோலத்திலிருந்து தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் எண் அது. முதலில் சீட்டைப் பூட்டாமல் தடவைக்குத் தடவை மாறவிட்டு நான்கு முதல் எட்டுப் படங்கள் எடுங்கள். அமைப்பு பிடித்த ஒன்றின் சீட்டைப் பூட்டிவிட்டு, தடவைக்கு ஒரு சொற்றொடரை மட்டும் மாற்றுங்கள். மாடல், அளவு, சாம்ப்ளர் (புள்ளிகளிலிருந்து படத்தைப் படிப்படியாக எடுக்கும் முறை), படிகளின் எண்ணிக்கை இவற்றில் ஒன்று மாறினாலும் அதே சீட் வேறு படம் தரும். சொல்லுக்கு எடை கூட்டும் வசதி இருந்தால் 1.1 முதல் 1.3 வரை போதும், 1.5-ஐத் தாண்டினால் படம் சிதையத் தொடங்கும். ப்ராம்ப்ட்டை எவ்வளவு கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லும் சிஎஃப்ஜி அளவு ஸ்டேபிள் டிஃப்யூஷனில் 7 அளவில் இருக்கட்டும். 15-க்கு மேல் ஏற்றினால் நிறங்கள் கருகும்.

அளவிலும் கவனம் வேண்டும். 512×512-இல் பழகிய 1.5 மாடலிடம் 512×1024 கேட்டால் இரண்டு தலையோ நீண்ட இடுப்போ வரும். முதலில் சிறிதாக எடுத்துவிட்டுப் பிறகு பெரிதாக்குங்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் பெரிய வடிவமான எஸ்டிஎக்ஸ்எல் என்றால் 1024×1024, நிமிர்ந்த படத்துக்கு 832×1216.

சில தவறுகளுக்கு ப்ராம்ப்ட்டில் மருந்து கிடையாது. கடிகாரம் 3:25 காட்ட வேண்டும் என்று எழுதினாலும் முள் பெரும்பாலும் 10:10-இல்தான் நிற்கும். பயிற்சிக்குப் போன கடிகார விளம்பரங்களில் முள் அங்கேதான் நிற்கிறது. இடக்கையால் எழுதுபவரைக் கேட்டால் வலக்கைக்காரர் வருவதும் இதே காரணத்தால். இப்படிப்பட்டவற்றுக்கு ஒரு கோட்டோவியத்தை உள்ளே கொடுத்து படத்திலிருந்து படம் எடுப்பது நல்லது. கொடுத்த படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் டீநாய்ஸ் அளவை 0.3 முதல் 0.5 வரை வைத்தால் கொடுத்த அமைப்பு நிற்கும், 0.7-ஐத் தாண்டினால் மாடல் தன் போக்குக்குப் போய்விடும்.

கூட்டத்தில் தூரத்து முகங்கள் கோணுவதும் சொல்லால் தீராது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் படத்தை நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. 40 பிக்சல் அகலமுள்ள முகத்துக்கு அங்கே கிடைப்பது குறுக்கே ஐந்து கட்டம். அதற்குள் இரண்டு கண்ணும் ஒரு வாயும் அடங்காது. "தெளிவான முகம்" என்று எத்தனை முறை எழுதினாலும் கட்டங்கள் அதிகரிக்காது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறுபடி வரையும் இன்பெயின்ட்டில் அந்த முகத்தை மட்டும் மறைத்து, மறைத்த பகுதியை மட்டும் முழு அளவில் வரையும் தெரிவைப் போட்டு, டீநாய்ஸை 0.4 அளவில் வையுங்கள். அப்போது ப்ராம்ப்ட்டில் முழுக் காட்சியையும் விட்டுவிட்டு அந்த ஒரு முகத்தை மட்டும் விவரியுங்கள். இல்லாவிட்டால் முகத்துக்குள் இன்னொரு கூட்டத்தையே வரைந்து வைக்கும்.