இரண்டு பாலாடை அளவு வயிறு

எடை குறைப்பதற்காக வயிற்றில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. காரைக்குடியில் என்னைப் பார்க்கும் எல்லோரும் எத்தனை கிலோ குறைந்தது என்றுதான் கேட்கிறார்கள். 104-லிருந்து 72. அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கேட்க வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

ஒன்பது வருடமாகச் சர்க்கரை. முழங்கால் வலியால் முகப்புப் படி ஏறவே முடியவில்லை. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருவதைக் கணவர் கவனித்துப் பயந்துபோய் மதுரைக்கு அழைத்துப் போனார். உயரம் 156 செ.மீ., உயரத்துக்கு எடை எவ்வளவு கூடுதல் என்று காட்டும் பிஎம்ஐ ஏறக்குறைய 43. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் முறையை மனதில் வைத்துத்தான் போனேன். எண்டோஸ்கோப்பி செய்ததில், அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாகியிருந்தது. ஸ்லீவ் செய்தால் எதுக்களிப்பு இன்னும் கூடலாம், பைபாஸ்தான் சரி என்றார் மருத்துவர். இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள்.

ஈரல் சுருங்குவதற்காக முன்னதாக இரண்டு வாரம் பத்தியம். அறுவை சிகிச்சை நடந்த அன்று மாலையே நடக்க வைத்தார்கள், காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாதே என்று. அந்த வலி நாலைந்து நாளில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் திண்டாட்டம். தாகம் எடுக்கும், மடக்கென்று குடிக்க முடியாது. ஆத்தா பெட்டகத்தைத் திறந்து, எனக்குக் குழந்தையில் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்தார். மருந்து மூடியால் அளந்து பார்த்தோம்: 15 மில்லி. இரண்டு பாலாடை என்றால் என் வயிறு நிறைந்தது. பருப்புத் தண்ணீரும் மோரும் அதிலேயே கால் மணிக்கு ஒரு தடவை, துளித்துளியாக.

ஆறாம் மாதம் பள்ளத்தூரில் ஒரு கல்யாணம். “அரைக் கந்தரப்பம் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?” என்று பெரியம்மா வற்புறுத்த, மறுக்க மனம் வரவில்லை. கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, பட்டாலைத் தூணில் சாய்ந்துவிட்டேன். இனிப்பு நேராகக் குடலில் இறங்கினால் இப்படி ஆகும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். பெரியம்மா அழுதேவிட்டார். நம் ஊரில் உபசரிப்பு என்றால் அன்புதான். ஆனால் என்னைப் போன்றவர்களிடம் தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.

நான் செய்த பெரிய தவறு வேறு. நாலாம் மாதம் கொட்டிய முடி திரும்ப வளர்ந்ததும், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். ஒரு வருடம் நெருங்கும்போது பாதம் மரத்துப்போய், செருப்பு நழுவியதுகூடத் தெரியாமல் நடந்தேன். ரத்தத்தில் பி12 மிகவும் குறைந்திருந்தது. இரும்பும் கால்சியமும் வைட்டமின் டியும் பி12-உம் எனக்கு ஆயுள் முழுக்க வேண்டியவை. மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையையும் தொடக் கூடாது, குடலை இணைத்த இடத்தில் புண் வரும்.

இப்போது மாதம் ஒரு பி12 ஊசி. தேதியைத் தினசரி காலண்டரில் கணவர் வட்டமிட்டு வைக்கிறார். முந்தின நாள் இரவே ஆத்தா போனில் கூப்பிட்டு நினைவுபடுத்திவிடுகிறார்.