கண்ணால் கற்பவர், காதால் கற்பவர்: பட்டறைக் குழுவில் எதைப் பார்த்து வேலை சொல்லித் தருவது

வடசென்னையில் வியாசர்பாடி, சாத்தாங்காடு, திருவொற்றியூர் பக்கம் லேத் (கடைசல் மெஷின்) பட்டறையோ ஃபேப்ரிகேஷன் ஷெட்டோ நடத்துகிறவர்களிடம் புது ஆள் எப்படி என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். "அவன் பாத்தாலே புடிச்சிப்பான்." "இவனுக்கு வாயால சொன்னா போதும்." "அவனுக்கு கைய வச்சாதான் ஏறும்." கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால் பயிற்சி நாளில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, இதையே பார்வை வழி, கேட்டல் வழி, வாசிப்பு வழி, செயல் வழி என்று பிரித்து ஆளுக்கொரு முத்திரை குத்துவார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த முத்திரையை நம்பி வேலை பிரித்தால் ஜாப்பும் (மெஷினில் செய்யும் பொருள்) கெடும், ஆளும் தேங்கிப் போவார்.

நான்கு வழிப் பிரிவை நியூசிலாந்து ஆசிரியர் நீல் ஃபிளெமிங் 1992-ல் பரப்பினார். அதற்கு முன்பே, 1984-ல், அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் அனுபவத்தை மையமாக வைத்து வேறொரு வகைப்பாட்டைத் தந்திருந்தார். 2004-ல் இங்கிலாந்தில் கல்வி ஆய்வாளர் ஃபிராங்க் காஃபீல்டும் அவர் குழுவும் தேடிப் பார்த்தபோது இப்படி 71 வகைப்பாடுகள் கிடைத்தன. 71 பேர் 71 விதமாகப் பிரிக்க முடிகிறது என்றாலே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2008-ல் ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் நேரடியான கேள்வியைக் கேட்டார்கள்: பார்வை வழி என்று முத்திரை பெற்றவருக்குப் படமாகவும், கேட்டல் வழிக்காரருக்குப் பேச்சாகவும் சொல்லித் தந்தால் உண்மையிலேயே கூடுதலாகக் கற்கிறார்களா? இதைச் சரியான முறையில் சோதித்த ஆய்வுகளே மிகக் குறைவு; அவற்றிலும் பல எதிர்மாறான முடிவைத்தான் காட்டின. ஒருவருக்கு ஒரு வழி பிடித்திருக்கலாம். பிடித்த வழியில் சொன்னால் நன்றாகக் கற்பார் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

பட்டறையில் நின்று பார்த்தால் காரணம் புரியும். கண்ணா, காதா, கையா என்பதை வேலைதான் முடிவு செய்கிறது. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ராடு கடையும்போது சீவி விழும் இரும்புச் சுருள் நீலமாக வந்தால் சூடு ஏறிவிட்டது, வேகத்தைக் குறைக்க வேண்டும். இதைக் கண்ணால்தான் பிடிக்க முடியும். அதைவிடச் சூடு தாங்கும் கார்பைடு டூலில் அதே நீலச் சுருள் சாதாரணம். அதை வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும், பார்த்தால் தெரியாது. ஜாப் அதிர்ந்து கிர்ர் என்று சத்தம் போட்டால் காது சொல்லும். மைக்ரோமீட்டரை (நுண்ணிய அளவு எடுக்கும் கருவி) எவ்வளவு இறுக்குவது என்பது விரலுக்குத்தான் தெரியும். "இவன் காதால் கற்பவன்" என்று ஒருவரை ஒதுக்கிவிட்டால், அந்த ஆள் சுருளின் நிறத்தைப் பார்க்கப் பழகாமலே போய்விடுவார்.

அப்படியானால் ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, பெரிதாகவே இருக்கிறது. ஒருவர் ஏற்கெனவே எவ்வளவு தெரிந்து வந்திருக்கிறார். எந்த மொழியைப் பேசுகிறார், எந்த எழுத்தை வாசிக்கிறார். சந்தேகம் வந்தால் வாய் திறந்து கேட்பாரா. குழுவில் வேலை சுமுகமாக ஓடுவதும் இடிப்பதும் இந்த மூன்றில்தான்.

முதலாவதில்தான் அதிகம் சறுக்குகிறோம். ஐடிஐ-யில் இரண்டு வருட டர்னர் (கடைசல்) படிப்பு முடித்த பையன், அனுபவம் இல்லாத ஹெல்ப்பர், பெரிய தொழிற்சாலையில் ஓய்வு பெற்று வந்த அண்ணன் என மூன்று பேர் ஒரே வாரத்தில் சேர்கிறார்கள் என்று வையுங்கள். ஹெல்ப்பருக்கு ஒவ்வொரு அடியாகச் செய்து காட்ட வேண்டும். அதையே அண்ணனுக்குச் செய்தால் அவருக்கு அவமானம். அதோடு வேகமும் குறையும். தொடக்கக்காரருக்கு உதவும் விரிவான விளக்கம் தேர்ந்தவருக்குச் சுமையாகிறது என்பது ஆய்விலும் உறுதியான விஷயம். அண்ணனிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த மெஷின் அவர் பழகிய மெஷினிலிருந்து எங்கே மாறுகிறது.

ஒரு உதாரணம். சில லேத்துகளில் கிராஸ் ஸ்லைடு (டூலை ஜாப்பை நோக்கி நகர்த்தும் பகுதி) டயல், டூல் நகரும் தூரத்தைக் காட்டும். சிலவற்றில் விட்டம் குறையும் அளவைக் காட்டும். 26 மிமீ ராடை 25-க்குக் கொண்டு வர வேண்டும். முதல் வகை டயலில் 0.5 கொடுத்தால் போதும், இரண்டு பக்கமும் சேர்ந்து 1 மிமீ போய்விடும். இரண்டாம் வகையில் பழகியவர் கை தானாக 1 கொடுக்கும். ஷாஃப்ட் 24-ல் நிற்கும், ஸ்கிராப். அனுபவம் உள்ளவர்தான் இதில் மாட்டுவார், ஏனென்றால் அவர் யோசிக்கவே மாட்டார். "அண்ணா, இந்த மெஷின்ல டயல் டயாவைக் காட்டாது, பாதிதான் குடுக்கணும்" என்று முதல் நாளே சொன்னால் முடிந்தது.

மொழி விஷயத்தில் ஒடிசா, பீகார் பக்கமிருந்து வந்த தம்பிகள் இல்லாத ஷெட் இன்று குறைவு. அவர்களுக்கு "பார்த்துக் கற்பவர்கள்" என்று பெயர் வைத்துவிடுகிறோம். நம் பேச்சு புரியாததால் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மெஷின் பாகங்களின் பெயர்களை முதல் இரண்டு நாளில் பழக்கிவிடுங்கள்: சக், டூல் போஸ்ட், டெயில்ஸ்டாக், ஃபீட், கட். எல்லா மொழிக்காரரும் இதே சொற்களைத்தான் பயன்படுத்துவதால் இருபது சொல்லில் பாதிப் பேச்சு நடந்துவிடும். "நிறுத்து", "கை எடு" இரண்டையும் கை சைகையோடு சேர்த்துப் பழக்க வேண்டும். கிரைண்டர் சத்தத்தில் எந்த மொழியும் கேட்காது.

மூன்றாவது, கேட்கும் பழக்கம். விளக்கிவிட்டு "புரிஞ்சுதா?" என்றால் வரும் பதில் எப்போதும் "புரிஞ்சுதுண்ணா"தான். அந்தக் கேள்வியையே விட்டுவிடலாம். "இப்ப நீ எனக்கு சொல்லிக் குடு, நான் புது ஆளு" என்று மைக்ரோமீட்டரைக் கையில் கொடுங்கள். எங்கே தடுமாறுகிறார் என்பது உடனே தெரியும். பெரும்பாலும் ஒரே இடம்: ஸ்லீவில் (அசையாத குழல்) முழு மில்லிமீட்டர் கோடு தெரியும், அதற்கு அடுத்த அரை மில்லிமீட்டர் கோட்டை விட்டுவிட்டு திம்பிளை (சுற்றும் குழல்) படிப்பார். 12.78 இருக்க வேண்டியது 12.28 என்று வரும். திம்பிளில் 50 கோடுதான், ஒரு சுற்றுக்கு 0.5 மிமீதான் நகரும் என்பதைக் கையால் இரண்டு சுற்று சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். சுற்றும்போது அரைக் கோடு வெளியே வருவதை அவரே பார்ப்பார்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை வேகமாகத் தயார் செய்ய உருவாக்கிய நான்கு படி முறை இதற்கு இன்றும் பொருந்துகிறது. ஆளைத் தயார்படுத்து, வேலையைச் செய்து காட்டு, அவரைச் செய்ய வை, பிறகு தொடர்ந்து கவனி. நம் பட்டறைகளில் இரண்டாவது மட்டும் நடக்கிறது. மூன்றாவதில் அவர் செய்யும்போதே ஏன் அப்படிச் செய்கிறார் என்று வாயால் சொல்ல வைக்க வேண்டும். நான்காவதை நாள் குறித்துச் செய்தால்தான் நடக்கும்: மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து. திரும்பச் சொல்லித் தர வேண்டாம், திரும்பக் கேளுங்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் செய்த சோதனையில், திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னே இருந்தார்கள். செய்து காட்டிய அன்றைக்கே "கத்துக்கிட்டான்" என்று முடிவு கட்டுவது ஏன் தப்பு என்பது இதில் இருக்கிறது.

குழுவுக்கு வருவோம். ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் பேச்சில்தான் அதிகம் தொலைகிறது. ஒருவர் வாயால் சொல்வார், இன்னொருவர் ஜாப் கார்டில் எழுதுவார், மூன்றாமவர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் போட்டுவிட்டுக் கிளம்புவார். அவரவருக்குப் பிடித்த வழி என்று விட்டால் வாய்ஸ் நோட்டில் சொன்ன ஆஃப்செட் (டூலுக்குக் கொடுத்த திருத்தம்) அளவு தேடும்போது கிடைக்காது. அளவுகள் எல்லாம் எழுத்தில், மெஷின் மேல் தொங்கும் கார்டில். டூல் எங்கே தேய்ந்திருக்கிறது என்பது மெஷின் முன்னால் நின்று, விரலால் காட்டி. முடிந்த கடைசிப் பீஸ் கார்டு பக்கத்திலேயே இருக்கட்டும். வருகிறவர் முதலில் அதை அளந்து, தான் படித்த அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். போகிறவர் படித்த அளவுக்கும் அதற்கும் 0.02 மிமீ-க்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி அளந்த பிறகுதான் ஸ்பிண்டில் (ஜாப்பைச் சுற்றும் தண்டு) ஓட வேண்டும். இரண்டு பேர் கையின் இறுக்கத்திலும் அந்த அளவு வித்தியாசம் வரும். மைக்ரோமீட்டர் முனையில் கிளிக் கிளிக் என்று சுற்றும் ராச்செட்டை மூன்று கிளிக் வரை சுற்றுவது என்று எல்லாரும் ஒரே பழக்கத்துக்கு வந்தால் அதுவும் குறையும்.