தேதி போடாத தாள்களும் 54 சதவீதமும்

முரியல் ஹீக்னியின் (1885–1974) தாள்கள் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், விக்டோரியா மாநில நூலகத்தில் பெட்டிகளில் இருக்கின்றன. பெண்களுக்குச் சம ஊதியம் கேட்டே வாழ்நாளைக் கழித்த தொழிற்சங்கக்காரர் அவர். 1937-ல் சிட்னியில் தொடங்கிய சம ஊதிய நடவடிக்கைக் குழுவுக்கு அவர்தான் செயலாளர்.

போவதற்குப் பல நாள் முன்பே பெட்டி எண்களைச் சொல்லிக் கேட்டுவைக்க வேண்டும். இதுபோன்ற தொகுப்புகளில் ‘கடிதங்கள், பலவகை’ என்று ஒற்றை வரியில் முடித்திருக்கும் பெட்டியைத்தான் நாங்கள் முதலில் கேட்போம். பட்டியல் போட்டவர் சலித்துப்போன இடம் அது. சரக்கு அங்கேதான் இருக்கும். வாசிப்பறைக்குள் எழுதப் பென்சில் மட்டும்தான். துருப்பிடித்த குண்டூசியை நீங்களே பிடுங்காதீர்கள், தாள் கிழியும், ஊழியரைக் கூப்பிடுங்கள். படம் எடுக்கும்போது ஒவ்வொரு கோப்பின் முதல் படத்திலும் பெட்டி எண் தெரியட்டும். அது இல்லாத படத்தை வைத்து மேற்கோள் காட்ட முடியாது.

பெரிய தலைவலி தேதிதான். துண்டறிக்கையில் ஆண்டு இருக்காது, கடிதத்தில் ‘வியாழன்’ என்று மட்டும் இருக்கும். இந்தத் தாள்களில் சதவீதத்தைப் பாருங்கள். பெண்களின் அடிப்படைக் கூலி ஆண்களுடையதில் 54 சதவீதம் என்பது 1919-ல் வந்த கணக்கு. 1950 டிசம்பரில் அது 75 ஆனது. இடையில், போர்க்காலத்தில், பெண்கள் வேலைவாய்ப்பு வாரியம் ஆண்கள் பார்த்த வேலைகளுக்கு வந்த பெண்களுக்கு ஆண்களின் கூலியில் 60 முதல் 100 சதவீதம் வரை கொடுத்தது. 90 என்று கண்டால் 1942-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேடுங்கள். ஒரு பொறி உண்டு: பழைய 54-ஐ நினைவூட்டி வாதாடும் பிற்காலத் தாள்களும் வரும். ‘இருக்கிறது’ என்கிறதா, ‘இருந்தது’ என்கிறதா என்று பாருங்கள்.

ஷில்லிங் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் 1966 பிப்ரவரிக்கு முந்தையது. முகவரியில் நான்கு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1967-க்கு முன்னே போகாது.

கார்பன் நகலைக் கண்டதும் கடிதம் போய்ச் சேர்ந்ததாக எழுதிவிடாதீர்கள். நகலில் கையெழுத்து இருக்காது, அனுப்பாமலே விட்டதாகவும் இருக்கலாம். பதில் கடிதம் கிடைத்தால்தான் உறுதி. கூட்டச் செய்தியாக இருந்தால் ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் இணையதளமான ட்ரோவில் (Trove) பழைய நாளிதழ்களைத் தேடலாம், இலவசம். ஆனால் அங்கே பெரும்பாலான இதழ்கள் 1954-உடன் நின்றுவிடும். அதற்குப் பிறகு மைக்ரோஃபிலிம்தான்.