மாஸ்டர் பிளானில் எங்கள் ஏரிக்கால்வாய் காணாமல் போனதும், அதைத் திரும்பச் சேர்க்க அலைந்ததும்

போன வாரம்தான் எங்கள் பகுதிக்கான மாஸ்டர் பிளானின், அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் முழுமைத் திட்டத்தின், திருத்திய வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் அதில் நீலக் கோடாக இருக்கிறது. முதலில் வெளியிட்ட வரைவில் அது கிடையாது. அந்த இடம் முழுக்க மஞ்சள் அடித்திருந்தது, அதாவது குடியிருப்புப் பகுதி, மனை போட்டு விற்கலாம். கோட்டைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வட மாவட்டம் ஒன்றில், நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற ஊராட்சி எங்களுடையது. எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதவில்லை. அங்கே எங்களுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. ஆனால் அடுத்து உங்கள் ஊருக்கும் இது வரும் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு விஷயம் தெரிந்ததே ஒரு நிலத் தரகர் மூலமாகத்தான். "உங்க நிலம் ரெசிடென்ஷியல்ல வருது, இப்பவே கொடுத்தா நல்ல விலை" என்று என் அண்ணனிடம் வந்து கேட்டார். எங்கே வருகிறது என்று துருவிக் கேட்டபோதுதான், வரைவு முழுமைத் திட்டம் வெளியாகி 23 நாள் ஆகிவிட்டது என்றார். பேப்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது, டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவில். யார் பார்த்தார்கள்? ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒரு தாள்கூட ஒட்டவில்லை.

1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, அறிவிப்பு வந்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். அதற்குள் யார் வேண்டுமானாலும் எழுத்துமூலம் ஆட்சேபணையும் ஆலோசனையும் கொடுக்கலாம். அந்த இரண்டு மாதத்தில் எங்களுக்கு மிஞ்சியது ஐந்து வாரம்தான்.

முதல் நாள் திட்ட அலுவலகத்துக்குப் போனபோது, "எல்லாம் வெப்சைட்ல இருக்கும்மா, பாத்துக்குங்க" என்று எழுத்தர் அனுப்பப் பார்த்தார். வீட்டிலேயே பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் சர்வே எண்கள் கறுப்புப் புள்ளிகளாகத்தான் தெரிந்தன, அறிக்கையும் முழுக்க ஆங்கிலத்தில். பெரிய வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அது இருக்கிற அறையின் சாவி ஒருவரிடம் இருக்கிறதாம், அவர் கேம்ப் போயிருக்கிறாராம். இரண்டாவது தடவை போனபோதும் கேம்ப். போக வர மூன்று மணி நேரம், என் அரை நாள் சம்பளம், வீணாய்ப் போனது.

மூன்றாவது தடவை அறை திறந்திருந்தது. வரைபடம் சுவரில்தான் மாட்டியிருந்தது. ஆனால் அதன் முன்னால் ஒரு இரும்பு பீரோ. எங்கள் ஊர் இருக்கிற தென்கிழக்கு மூலை சரியாக அந்த பீரோவுக்குப் பின்னால். நல்லவேளையாக அங்கிருந்த வயதான வரைவாளர் ஒருவர், "இந்தப் பக்கம் பிடிங்கம்மா" என்று என்னோடு சேர்ந்து பீரோவை நகர்த்தினார். ஏரியைச் சரியாகக் காட்டியிருந்தார்கள். அதன் மதகு, கலங்கல்கூட இருந்தன. வரத்துக் கால்வாய் மட்டும் இல்லை. அதே இடத்தின் குறுக்கே 80 அடிச் சாலை ஒன்றையும் கோடு போட்டிருந்தார்கள். நான் விரலால் தடவித் தடவித் தேடுவதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "சாட்டிலைட் படத்தைப் பாத்து வரைஞ்சதும்மா. அதுல வேலிகாத்தான் மூடியிருந்தா கால்வாய் தெரியாது."

அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய உதவி அந்த ஒரு வாக்கியம்தான். வேண்டுமென்றே அழித்தார்களா என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை, இருப்பதை ஆவணத்தோடு காட்டினால் போதும் என்று அதில்தான் புரிந்தது.

ஆனால் அதற்குள் ஊரில் அவசரப்பட்டு ஒரு மனு தயாராகியிருந்தது. 164 கையெழுத்து. வீடு வீடாகப் போய் வாங்கியது. கவுண்டரில் இருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரே ஆட்சேபணையாத்தான் பதிவாகும். அப்புறம், தெற்குப் பக்கக் கால்வாய்னு எழுதியிருக்கீங்களே, எந்த சர்வே நம்பர்?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தால் அந்தக் கேள்வி நியாயம்தான். திட்டம் என்பது அவர்களைப் பொறுத்தவரை சர்வே எண்களின் பட்டியல். எண் இல்லாமல் நாம் என்ன எழுதினாலும் அதைப் பொருத்திப் பார்க்க அவர்களுக்கு இடமே இல்லை.

சரி என்று முதலிலிருந்து தொடங்கினோம். அ-பதிவேடும் (எந்த சர்வே எண் யார் பெயரில், என்ன வகை நிலம் என்ற பதிவு) புலப்படமும் (அந்த எண்ணின் எல்லைகளைக் காட்டும் அளவு வரைபடம்) அரசின் இ-சேவைத் தளத்திலேயே கிடைக்கும், அதில் சிரமமில்லை. பழைய கிராம வரைபடத்தின் நகல் வாங்கத்தான் நாலு நாள் ஆனது. அதை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேர் கால்வாயை நடந்தே அளந்தோம். என் பெரியப்பாவுக்கு 78 வயது, வேண்டாம் என்றாலும் கேட்காமல் கைத்தடியோடு முன்னால் போனார். வேலிகாத்தான் முள் வேட்டியைக் கிழிக்கக் கிழிக்க, "இங்க ஒரு கல் இருக்கணும்" என்று நின்று மண்ணைத் தட்டினார். அரை அடி ஆழத்தில் சர்வே கல் இருந்தது. அது எந்த எண்ணின் எல்லைக்கல் என்று புலப்படத்தோடு பொருத்திக் குறித்துக்கொண்டோம். இப்படி ஒன்பது கல் கிடைத்தன. ஒவ்வொன்றையும் போனில் இடக்குறிப்போடு படம் எடுத்தோம்.

பதிவேட்டில் ஏழு எண்கள் 'ஓடை' என்றே அரசுப் புறம்போக்கில் இருந்தன. நடுவில் இரண்டு உட்பிரிவுகள் மட்டும் தனியார் பெயரில் பட்டாவாக இருந்தன. கால்வாய் அங்கே மட்டும் நின்று, பிறகு மறுபடி தொடங்குமா? எப்போது, எப்படி மாறியது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

இந்தத் தடவை கூட்டு மனுவே இல்லை. 41 பேர், 41 கடிதம். ஒரே வாசகத்தை நகலெடுக்காமல் அவரவர் நிலம், அவரவர் கிணறு, கால்வாய் அடைந்தால் யார் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று எழுதச் சொன்னோம். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது நேரில் கொண்டுபோனால், "பெட்டியில போட்டுட்டுப் போங்க" என்றார்கள். தயவுசெய்து பெட்டியில் போடாதீர்கள். இரண்டாவது நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். எங்களுக்கு அன்று மாலை நாலரை மணிக்குத்தான் முத்திரை கிடைத்தது, அதுவும் மேலதிகாரி ஒருவர் அந்தப் பக்கமாக வந்ததால். ஒரு செட்டை ஒப்புகை அட்டையோடு தபாலிலும் அனுப்பிவைத்தோம்.

நாங்கள் சறுக்கிய இடம் ஒன்று உண்டு. அதே 26-வது பிரிவில், நேரில் கேட்கும்படி கோரியவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு என்று இருக்கிறது. "நேரில் விளக்கம் அளிக்க வாய்ப்பு அளிக்க வேண்டுகிறேன்" என்ற வரி 41 கடிதங்களில் மூன்றில்தான் இருந்தது. என்னுடையது, பெரியப்பாவுடையது, பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. மற்ற 38 பேருக்கும் அழைப்பு வரவில்லை. அந்த ஒரு வரியை எல்லோரிடமும் எழுதச் சொல்லாதது இப்போதும் மனதை அறுக்கிறது.

விசாரணையை வேலை நாளில், காலை 11 மணிக்கு, நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். நடவு நேரம் வேறு. முன் வரிசையில் பெரும்பாலும் மனை வியாபாரிகள். ஒருவருக்கு மூன்று நிமிடம். பெரியப்பா முறை வந்தபோது மேடையில் இருந்த அதிகாரி, "அந்தக் கால்வாயில இப்ப தண்ணி ஓடுதா ஐயா?" என்று கேட்டார். பெரியப்பா அவசரப்படவில்லை. "2015-ல ஓடுச்சுங்க. 2021-ல ஓடுச்சுங்க. ஓடாத வருஷத்துல நீங்க வந்து பாத்தா முள்ளுக்காடாத்தான் தெரியும். ஓடுற வருஷத்துல அதுக்கு வழி இல்லன்னா எங்க போகும்? நீங்க மஞ்சள் அடிச்ச வீட்டுக்குள்ளதான் போகும்." நான் ஒன்பது கற்களின் படத்தையும் சர்வே எண் பட்டியலையும் மேசையில் வைத்தேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். மூன்று நிமிடம் முடிந்ததற்கான மணியை அப்போது யாரும் அடிக்கவில்லை.

அதன்பிறகு பல மாதம் ஒரு பதிலும் இல்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, என் ஆட்சேபணையின் மீது எடுத்த முடிவென்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 30 நாள் முடியும் தறுவாயில், "பரிசீலித்து ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஒற்றை வரி வந்தது. முன்கூட்டியே கேட்டிருந்தால் அத்தனை மாதம் தூக்கம் கெட்டிருக்காது.

சென்னையைச் சுற்றியிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது, 1,189 சதுர கிலோமீட்டருக்குப் போட்டது. 2022-இல் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்துவிட்டார்கள். அரக்கோணம் பக்கம் வரை உள்ளே வந்துவிட்டது. அதாவது விரித்த பகுதிக்கான திட்ட வரைவு வரும்போது, நகரத் திட்டம் என்றால் என்னவென்றே கேள்விப்படாத கிராமங்கள் நூற்றுக்கணக்கில் அதில் இருக்கும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் உங்கள் ஊரின் ஓடை, ஏரி, மேய்க்கால், சுடுகாட்டுப் பாதை இவற்றின் சர்வே எண்களை இப்போதே எடுத்து வையுங்கள். பெரியவர்கள் நடக்க முடிகிறபோதே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கற்களைப் பாருங்கள்.

80 அடிச் சாலை அப்படியேதான் இருக்கிறது, கால்வாயைத் தாண்டும் இடத்தில் பாலம் என்று மட்டும் குறித்திருக்கிறார்கள். பட்டாவான அந்த இரண்டு உட்பிரிவுகளும் இன்னும் மஞ்சள்தான். நீலக் கோடு அங்கே அறுபட்டு, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. அதற்காகக் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். வரும் செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா தன் வேட்டியை இப்போதே தோய்த்துக் காயப்போட்டுவிட்டார்.